முள் தைத்த காலும் தோகை கீறிய கண்ணும்: பூஞ்சை நோய்ச் சோதனைகளின் வரலாறு

மல்லாங்கிணறு வட்டாரக் கரிசல் காட்டில் பூஞ்சை மனித உடம்புக்குள் நுழையும் வழிகளில் மருத்துவ வரலாற்றில் பேர் பெற்றவை இரண்டு: காலில் தைக்கும் முள், கண்ணில் கீறும் தோகை. விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டி வட்டத்தில், மதுரைக்குத் தெற்கே உள்ள இந்தப் பேரூரைச் சுற்றி மானாவாரி வெள்ளாமைதான் அதிகம். ஐப்பசி மழையை நம்பிப் பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, மல்லி என்று விதைப்பார்கள். தரிசிலும் வரப்போரத்திலும் உடைமரமும் சீமைக்கருவேலமும் அடர்ந்திருக்கும். வெறுங்காலோடு காட்டுக்குப் போகிறவரின் பாதத்தில் முள் ஏறும்போது மண்ணில் வாழும் பூஞ்சையும் கூடவே ஏறுகிறது. கதிர் அறுக்கையிலும் தட்டை கட்டுகையிலும் தோகை கண்ணைக் கீறினால் கருவிழியில் அது குடியேறுகிறது. சிவகாசிப் பக்கம் கண்காயம் என்றதும் எல்லாருக்கும் வெடிதான் நினைவுக்கு வரும். பூஞ்சைப் புண்ணைப் பொறுத்தவரை குற்றம் வெடியுடையது அல்ல, வெள்ளாமையுடையது.

இந்த இரண்டு நோய்க்கும் இந்த வட்டாரத்து மக்கள் வைத்தியம் தேடிப் போகும் பெரிய ஊர் மதுரை. அதனால்தான் பூஞ்சை நோயைக் கண்டறியும் முயற்சிகளின் கதையில் மதுரையின் பெயர் தொடக்கத்திலும் வருகிறது, அண்மைக் காலத்திலும் வருகிறது.

கதைக்குள் போகுமுன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. எதிர்ப்பொருள் சோதனை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, பூஞ்சைக்கு எதிராக நோயாளியின் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடுவது. மற்றது, ஆய்வகத்தில் உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் கருவியாக வைத்துக்கொண்டு, பூஞ்சை வெளியிடும் பொருளையே நேராகப் பிடிப்பது. முதலாவது வயதில் மூத்தது. ஆனால் பூஞ்சையோடு நாள்தோறும் புழங்கும் உழவர் ஊர்களில் அது அடிக்கடி தடுமாறியது. இரண்டாவதற்கு வழி பிறக்க 20ஆம் நூற்றாண்டின் பின்பாதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1842இல் ஒரு விசித்திரமான கால் நோயைப் பதிவு செய்தார். பாதம் வீங்கிக் கட்டி கட்டியாகப் புடைக்கும். பல இடங்களில் துளை விழுந்து சீழ் வடியும். சீழோடு குருணை போன்ற மணிகள் வெளிவரும். ஆண்டுக்கணக்கில் நீடித்து எலும்பையும் தின்னும் இந்நோய்க்கு வலி மட்டும் அவ்வளவாக இருக்காது. வலியில்லாததால் யாரும் அவசரப்பட்டு வருவதில்லை. வரும்போது காலை எடுப்பதைத் தவிர அன்றைய மருத்துவரிடம் வேறு வழி இருக்கவில்லை. 1846இல் அதே மருந்தகத்தின் கோல்புரூக் இதை ‘மதுரைக் கால்’ என்று எழுதினார். ஆங்கில மருத்துவ நூல்களில் அந்தப் பெயர் இன்றுவரை நிற்கிறது.

நோய்க்குக் காரணம் பூஞ்சை என்று சொன்னவர் பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வான்டைக் கார்ட்டர். 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூறு நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவர்தான். 1860இல் ‘மைசெட்டோமா’ என்ற பெயரை வைத்து, 1874இல் இந்நோயைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் மணிகள் எல்லாம் ஒரே உயிரியின் வேலை அல்ல என்பது பிறகுதான் தெளிவானது. சில மணிகளைச் செய்வது உண்மையான பூஞ்சை. மற்றவற்றைச் செய்வது பூஞ்சை போல இழை விட்டு வளரும் பாக்டீரியா. 1894இல் வின்சென்ட் விவரித்த பாக்டீரியாவுக்கு இன்று ஆக்டினோமதுரா மதுரே என்று பெயர். கறுப்பு மணிகளை உண்டாக்கும் பூஞ்சைக்குப் பிரெஞ்சு அறிஞர் பிரம்ப்ட் 1905இல் மதுரெல்லா என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். இப்படிப் பூஞ்சை ஒன்றிலும் பாக்டீரியா ஒன்றிலும் மதுரையின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஊருக்குப் பெருமையா என்பது வேறு விஷயம்.

இந்தப் பிரிவினை ஏட்டளவிலான சங்கதி அல்ல. பாக்டீரியா வகை என்றால் ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும். பூஞ்சை வகைக்குப் பூஞ்சைக்கொல்லி மருந்தை மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் கொடுக்க வேண்டும். பல நேரம் அறுவையும் செய்ய வேண்டும். எனவே எந்த உயிரி என்று அறிவதுதான் வைத்தியத்தின் பாதி. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த குளோக்கேயும் அவருடைய தோழர்களும் தென்னிந்திய மைசெட்டோமாவை உண்டாக்கும் உயிரிகளைப் பற்றி 1968இல் வெளியிட்ட ஆய்வு இந்த நோக்கில் செய்யப்பட்டதே. அங்கேயும் சான்று தந்தவை மணியும் திசுத் துண்டும்தான். மணியை எடுக்காமல், ஒரு துளி இரத்தத்தைக் கொண்டே சொல்லிவிட முடியுமா என்ற கேள்வி அதற்குள் வேறொரு பக்கம் எழுந்திருந்தது.

இரத்தத்தின் தெளிநீரைக் கொண்டு நோயை அறியும் முறையைப் புகழ்பெறச் செய்தவர் பாரிசின் ஃபெர்னான் விடால். 1896இல் குடற்காய்ச்சலுக்கு அவர் கொண்டுவந்த சோதனை இன்றும் நம் ஊர் ஆய்வகங்களில் ‘வைடால் டெஸ்ட்’ என்று நடக்கிறது. அதே விடாலும் அப்ராமியும் 1910ஐ ஒட்டி ஸ்போரோட்ரைக்கோசிஸ் என்ற தோல் பூஞ்சை நோய்க்கு அதே வழியைக் கையாண்டார்கள். நோயாளியின் தெளிநீரோடு பூஞ்சை வித்துகளைக் கலந்தால் வித்துகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். பூஞ்சை நோய்க்கான எதிர்ப்பொருள் சோதனைகளின் வரலாறு ஏறக்குறைய இங்கே தொடங்குகிறது.

இந்த வழி மிக நன்றாகப் பலித்த இடம் கலிபோர்னியா. அங்குள்ள சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் புழுதியில் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை வாழ்கிறது. சார்லஸ் ஸ்மித் 1940களிலும் 50களிலும் ஆயிரக்கணக்கான தெளிநீர் மாதிரிகளைச் சோதித்து, எதிர்ப்பொருளின் அளவு ஏற ஏற நோய் உடம்பில் பரவுகிறது என்று காட்டினார். அந்தப் பூஞ்சை உலகில் சில வறண்ட நிலங்களில் மட்டுமே இருப்பது. சோதனை துல்லியமாக வேலை செய்ததில் அந்த நில எல்லைக்கும் பங்கு உண்டு.

அடுத்து வந்தது ஜெல் முறை. சுவீடனின் ஊக்டர்லோனி 1948இல் விவரித்த இம்முறையில் கண்ணாடித் தட்டில் ஊற்றிய அகார் கூழில் இரண்டு குழிகள் வெட்டுவார்கள். ஒன்றில் பூஞ்சைச் சாறு, மற்றதில் நோயாளியின் தெளிநீர். இரண்டும் கூழில் ஊறிப் பரவிச் சந்திக்கும் இடத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் வெள்ளைக்கோடு ஒன்று விழும். ஓரிரு நாள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம் என்பதால் ஏழை நாடுகளின் ஆய்வகங்களும் இதைக் கைக்கொண்டன. லண்டனில் ஜாக் பெப்பிஸும் ஜோன் லாங்பாட்டமும் 1950களின் இறுதியிலும் 60களிலும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையால் வரும் நுரையீரல் நோய்களை இக்கோடுகளைக் கொண்டு வகை பிரித்தார்கள். சூடானில் மஹ்ஜூப் 1964இல் இதே ஜெல்லை மதுரைக் கால் நோய்க்குப் பயன்படுத்தினார். மதுரையில் முதலில் எழுதப்பட்ட நோய்க்கு எதிர்ப்பொருள் சோதனை கண்ட நாடு சூடான். அந்நாட்டில் இந்நோய் மிக அதிகம். 1991இல் கார்த்தூமில் இதற்கென்று தனி ஆய்வு மையமே அமைந்தது.

இந்தியாவில் இத்துறைக்கு ஊன்றுகோலாக இருந்தவை டெல்லியின் வல்லபபாய் பட்டேல் மார்பு நோய் நிறுவனமும், பின்னர் சண்டிகரின் முதுநிலை மருத்துவ நிறுவனமும். டெல்லியில் எச்.எஸ். ரந்தாவா மருத்துவப் பூஞ்சையியலை ஒரு துறையாக வளர்த்தார். ஆஸ்துமா நோயாளிகளிடம் அஸ்பெர்ஜில்லஸ் உண்டாக்கும் ஒவ்வாமை நோயைக் கண்டறிவதில் எதிர்ப்பொருள் சோதனை இன்றும் அசைக்க முடியாத இடத்தில் இருக்கிறது. காசநோய் ஆறிய பிறகு நுரையீரலில் மிஞ்சும் பொந்துகளில் அதே பூஞ்சை குடியேறும்போதும் அப்படித்தான். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் இருமலில் இரத்தம் வருகிறது என்ற நோயாளிக்கு இரண்டாம் முறை காசநோய் மாத்திரை கொடுக்குமுன் இச்சோதனையை நினைக்க வேண்டும். காசநோய் இவ்வளவு உள்ள நாட்டில் அது போதிய அளவு நினைக்கப்படுவதில்லை.

மதுரைக் கால் நோயில் கதை வேறு மாதிரிப் போயிற்று. பின்னாளில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சூடானிய மருத்துவர்களோடு சேர்ந்து மதுரெல்லா பூஞ்சையின் புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தார்கள். நோயாளிகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது. நோய் மலிந்த ஊர்களில் நலமாக நடமாடுகிறவர்களின் இரத்தத்திலும் இருந்தது. முள் ஒவ்வொரு காலிலும் தைக்கிறது. நோய் சிலருக்கே வருகிறது. மண்ணில் கால் பதித்து வாழும் ஊரில் எதிர்ப்பொருள் இருப்பது, பூஞ்சையைச் சந்தித்ததற்குச் சாட்சியே தவிர நோய்க்குச் சாட்சி ஆகாது. ஆகவே இன்றும் அந்நோயை உறுதி செய்வது மணி, திசு, வளர்ப்புச் சோதனை, வசதியுள்ள இடங்களில் மரபணுச் சோதனை ஆகியவைதான்.

எதிர்ப்பொருளைத் தேடுவதை விட்டு அதைக் கொண்டு பூஞ்சையைத் தேடலாம் என்ற திருப்பம் 1963இல் வந்தது. புளூம்ஃபீல்ட், கோர்டன், எல்மண்டார்ஃப் மூவரும் நுண்ணிய லேடெக்ஸ் மணிகளின் மேல் முயலில் உண்டாக்கிய எதிர்ப்பொருளைப் பூசினார்கள். மூளையுறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் உறைப் பொருள் முதுகுத்தண்டு நீரில் இருந்தால் மணிகள் கண்ணெதிரே திரண்டன. உடம்பில் எதிர்ப்புச் சக்தி அற்றுப்போனவர் எதிர்ப்பொருளை உண்டாக்க மாட்டார். ஆனால் அவர் உடம்பில் பூஞ்சையின் பொருள் நிறையவே இருக்கும். இதன் முழு மதிப்பு எய்ட்ஸ் காலத்தில்தான் தெரிந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பின், கிரிப்டோகாக்கஸ் மூளையுறை அழற்சி இந்திய மருத்துவமனைகளில் அடிக்கடி காணும் நோயாயிற்று. 2011இல் இச்சோதனை கர்ப்பம் பார்க்கும் பட்டையைப் போன்ற சிறு பட்டையாகவே வந்துவிட்டது. எச்.ஐ.வி. முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு, தலைவலி தொடங்குமுன்பே இதைச் செய்து பார்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பூஞ்சைச் சோதனைகளில் இதைவிடத் தெளிவான வெற்றி வேறில்லை.

நடுவில் நடந்த பெரிய காரியம் 1975இல் கேம்பிரிட்ஜில். கோலரும் மில்ஸ்டைனும் ஒரே குலத்து உயிரணுக்களிலிருந்து ஒரே வகை எதிர்ப்பொருளை எத்தனை காலமும் எடுத்துக்கொண்டே இருக்க வழி கண்டார்கள். 1984இல் நோபல் பரிசு அதற்கு வந்தது. முயலின் தெளிநீரில் நூறு வகை எதிர்ப்பொருள் கலந்திருக்கும். முயலுக்கு முயல் மாறும். மோனோகுளோனல் எனப்படும் இந்த ஒரே வகை எதிர்ப்பொருளோ ஒரே பொருளில் ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும். 1990களில் அஸ்பெர்ஜில்லஸின் சுவரில் உள்ள கேலக்டோமேனன் என்ற சர்க்கரைப் பொருளைப் பிடிக்கும் எலியின் எதிர்ப்பொருள் ஒன்றை வைத்து எலைசா சோதனை வந்தது. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகளில் அது வழக்கமாயிற்று. பெரிய மருத்துவமனைகளின் சரக்கு அது. காரியாபட்டிக்குப் பயன்படும் தூரத்தில் வரவில்லை.

கரிசல் காட்டுக்கு நேராகப் பயன்படக்கூடியது கண் பக்கமிருந்து வந்தது. கருவிழிப் பூஞ்சைப் புண்ணை முதலில் விவரித்தவர் ஜெர்மானியரான தியோடர் லேபர். ஆண்டு 1879. நோயாளி ஓர் உழவர். கதிரடிக்கும்போது ஓட்ஸ் உமி கண்ணில் பட்டிருந்தது. அதன் பிறகு ஐரோப்பா அந்நோயை ஏறக்குறைய மறந்தே போனது, ஏனென்றால் அங்கே அது அரிது. இங்கே அப்படியல்ல. 1976இல் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, கண்புரைக்கு அடுத்தபடியாகக் கருவிழிப் புண்ணோடு வந்த கிராமத்தவர்களே இதை ஆராயக் காரணமானார்கள். 1993ஆம் ஆண்டுக் கணக்கின்படி மதுரை மாவட்டத்தில் ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கு 11 மட்டுமே.

1994 சனவரி முதல் மார்ச் வரை, அதாவது தை அறுவடையை ஒட்டி, மதுரைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை எம். சீனிவாசனும் அவருடைய குழுவும் ஆராய்ந்தார்கள். மூவரில் இருவருக்குக் கண்ணில் முன்னதாகக் காயம் பட்டிருந்தது. வளர்ப்புச் சோதனையில் கிருமி தென்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் பூஞ்சை. பூஞ்சைகளில் 47 விழுக்காடு பியூசேரியம், 16 விழுக்காடு அஸ்பெர்ஜில்லஸ். திருநெல்வேலியில் 1999 முதல் 2002 வரை 3,183 நோயாளிகளிடம் நடந்த ஆய்விலும் பியூசேரியம்தான் முந்தி நின்றது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

பூஞ்சைப் புண்ணா, பாக்டீரியாப் புண்ணா என்பதைப் பார்வையால் மட்டும் சொல்வது தேர்ந்த மருத்துவருக்கும் கடினம். தவறினால் விலை கண். பாக்டீரியாவுக்கான சொட்டு பூஞ்சையை ஒன்றும் செய்யாது. சிவப்பு குறைய மருந்துக்கடையில் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டோ பூஞ்சைக்குத் தீனி. அதற்கு முன்பே பாதிப் பேர் கண்ணில் விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ இலைச்சாறோ விட்டுப் பார்த்திருப்பார்கள் என்பதை மதுரையிலேயே நடந்த ஒரு கணக்கெடுப்பு 1999இல் காட்டியது. நோய் பூஞ்சை என்று உறுதியானால் நாட்டமைசின் சொட்டு உண்டு. வோரிகொனசோலைவிட அதுவே மேல் என்பதும் அரவிந்த் மருத்துவமனை முன்னின்று நடத்திய சோதனையில் 2013இல் உறுதியானது.

உறுதி செய்யும் வழி மிகப் பழையது. புண்ணின் அடியையும் விளிம்பையும் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது. மற்றவை கரைந்து பூஞ்சை இழை மட்டும் தெரியும். திருநெல்வேலி ஆய்வில் பூஞ்சை இருந்த கண்களில் 99 விழுக்காட்டை இந்த எளிய சோதனை காட்டிக்கொடுத்தது. சில நிமிட வேலை, சில ரூபாய்ச் செலவு. குறை ஒன்றே: பழகிய கண் வேண்டும். இழையையும் பஞ்சு நூலையும் பிரித்தறியத் தெரிந்தவர் நுண்ணோக்கியின் முன் இல்லாவிட்டால் அந்த 99 வெகுவாகச் சரியும். அப்படிப் பழகியவர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைப்பதில்லை. வளர்ப்புச் சோதனைக்கோ ஒரு வாரமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம்.

இங்கே இரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடுவதில் பொருளில்லை. கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது, புண் கடுகளவு, எதிர்ப்பொருள் பெருக நாளாகும், அதற்குள் கருவிழி கரைந்துவிடும். அதோடு, இந்த மண்ணில் பூஞ்சை வித்தைச் சுவாசிக்காதவர் யாருமில்லை. அரவிந்த் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் எரிக் பியர்ல்மனோடு சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறொரு வழியில் காட்டியது. தென்னிந்தியாவில் நோயே இல்லாதவர்களின் இரத்த வெள்ளணுக்களும் பூஞ்சைக்கு எதிராக ஏற்கெனவே தயார் நிலையில் இருந்தன. மதுரையில் கே. தர்மலிங்கம் குழுவினர் கண்ணீரில் உள்ள புரதங்களையும் 2008 முதல் ஆராய்ந்தார்கள். அவற்றால் நோயைப் பற்றிய அறிவு கூடியது. கிராமத்துக்குக் கொண்டுபோகும் சோதனை அவற்றிலிருந்து வரவில்லை.

அதே 2008இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டபர் தார்ன்டன் ஜேஎஃப்5 என்ற மோனோகுளோனல் எதிர்ப்பொருளைக் கொண்டு அஸ்பெர்ஜில்லஸுக்கு ஒரு பட்டைச் சோதனையை உருவாக்கினார். பூஞ்சை உயிரோடு வளரும்போது மட்டுமே வெளிவிடும் ஒரு பொருளை ஜேஎஃப்5 பிடிக்கிறது. தூங்கும் வித்தை அது பொருட்படுத்தாது. காற்றெல்லாம் வித்து மிதக்கும் ஊரில் இதைவிடப் பொருத்தமான குணம் ஓர் எதிர்ப்பொருளுக்கு இருக்க முடியாது. நுரையீரல் நோயாளிகளுக்கென்று செய்யப்பட்ட இப்பட்டையை எடின்பரோ பல்கலைக்கழகத்தினரும் அரவிந்த் மருத்துவமனையினரும் கண்ணுக்கு ஏற்ப மாற்றி, 2022-23இல் மதுரைக்கு வந்த ஏறத்தாழ 200 கருவிழிப் புண் நோயாளிகளிடம் சோதித்தார்கள். சுரண்டி எடுத்த மாதிரியைக் கரைத்துப் பட்டையில் விட்டால் அரை மணிக்குள் கோடு தெரியும். அஸ்பெர்ஜில்லஸ் இருந்தவர்களில் 10க்கு 9 பேரை அது சரியாகக் காட்டியது. இல்லாதவரை இருப்பதாகக் காட்டிய பிழை மிகக் குறைவு. நுண்ணோக்கி வேண்டாம், பழகிய கண் வேண்டாம்.

ஆனால் பட்டை பிடிப்பது அஸ்பெர்ஜில்லஸை மட்டும். இந்த வட்டாரத்தில் முந்தி நிற்பது பியூசேரியம் என்பது சீனிவாசன் குழுவின் ஆய்வு வழியாக 1997லேயே அச்சில் வந்துவிட்ட செய்தி. அஸ்பெர்ஜில்லஸ் உலகமெங்கும் புற்றுநோயாளிகளையும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களையும் தாக்குவதால் அதற்குச் சந்தை உண்டு. பியூசேரியம் பெரும்பாலும் வெப்ப நாட்டு உழவர் கண்ணின் நோய். சோதனைகள் எந்த வரிசையில் பிறக்கின்றன என்பதை நோயின் அளவு தீர்மானிப்பதில்லை, வாங்குபவரின் கை தீர்மானிக்கிறது. பியூசேரியத்தை மட்டும் பிடிக்கும் மோனோகுளோனல் எதிர்ப்பொருள் ஒன்றையும் தார்ன்டனின் ஆய்வகம் 2016இல் வெளியிட்டது. அப்போது அதைக் கொண்டு தேடியது மருத்துவமனைக் கழுவுதொட்டிகளில் படியும் பூஞ்சையை.

ஒரு பூஞ்சைக்கான சோதனை மற்றொன்றுக்கு உதவாது என்பதை 2021 கோடை நாடு முழுவதற்கும் காட்டியது. கொரோனாவின் இரண்டாம் அலையில் ‘கறுப்புப் பூஞ்சை’ பரவியபோது, தமிழ்நாடு அரசு மே மாதம் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. சூலை மாதத்துக்குள் இந்தியாவில் 45,000க்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். மியூக்கர் வகைப் பூஞ்சையின் சுவரில் கேலக்டோமேனன் இல்லை. புற்றுநோய்ப் பிரிவுகளில் பழகிய அந்தச் சோதனை இங்கே வாய் திறக்கவில்லை. மூக்கிலிருந்து திசுவை எடுத்து, அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டை விட்டு நுண்ணோக்கியில் பார்த்துத்தான் மருத்துவர்கள் முடிவெடுத்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் மைசெட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2022 அக்டோபரில் அது வெளியிட்ட முன்னுரிமைப் பூஞ்சைகளின் பட்டியலில் மதுரைக் காலை உண்டாக்கும் பூஞ்சைகளும், பியூசேரியமும், மியூக்கர் வகையும் ‘உயர்’ பிரிவில் இடம்பெற்றன. அஸ்பெர்ஜில்லஸில் ஃபியூமிகேட்டஸ் என்ற இனம் அதற்கும் மேலே, ‘மிக முக்கியம்’ என்ற பிரிவில். மல்லாங்கிணறு வட்டாரத்திலிருந்து தோகை கீறிய கண்ணோடு மதுரைக்குப் போகிறவருக்கு அஸ்பெர்ஜில்லஸ் பட்டையில் கோடு விழவில்லை என்றால் பூஞ்சை இல்லை என்று அர்த்தமில்லை. அவருக்கு முதலில் செய்ய வேண்டிய சோதனை இன்றும் சுரண்டல் மாதிரியும் நுண்ணோக்கியும்தான்.